பெம்பர்டன் தளத்துக்கு எதிரி கிடைத்த கதை

உலகத்தில் எத்தனையோ கோட்டைகள் விழுந்திருக்கின்றன. மதில் உயர்ந்தவை விழுந்தன, அகழி ஆழ்ந்தவை விழுந்தன, யானைக் கதவு போட்டவையும் விழுந்தன. எங்கள் செயின்ட் மாரோ தீவின் பெம்பர்டன் ராணுவத் தளம் மட்டும் கட்டிய நாள் முதல் போன ஈஸ்டர் வரை எந்த எதிரியிடமும் தோற்றதில்லை. எந்த எதிரியும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் தேசபக்தி குறைந்தவர்கள்.

இந்த வீர வரலாற்றை எழுதும் தகுதி பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தி அதிகாரியான எனக்கு, அதாவது ஆப்ரி டெலில் ஆகிய எனக்கு, மட்டுமே உண்டு. அமைச்சகத்தில் எழுதத் தெரிந்தவர் இன்னொருவர் இருந்தார். அவர் கனடாவுக்குப் போய்விட்டார்.

தளம் பிறந்தது பெரிய யுத்தத்தின்போது. அப்போது எங்களை ஆண்டுகொண்டிருந்த வல்லரசுக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. வடக்கே இருந்த வல்லரசுக்கு ஒரு விரிகுடா தேவைப்பட்டது. அது தன் பழைய கப்பல்களைக் கொடுத்து எங்கள் லம்பி விரிகுடாவை எடுத்துக்கொண்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. மாட்டை விற்கும்போது மாட்டிடம் யோசனை கேட்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

இடத்தைப் பார்வையிட ஒரு கேப்டன் வந்தார். விரிகுடா 'காலியாக' இருப்பதாக மேலிடத்துக்குச் சொன்னார். அப்படிச் சொன்ன நேரத்தில் அவர் அந்த ஊர்க்காரர் ஒருவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ராணுவத்தில் 'காலி' என்றால் ஆள் இல்லாத இடம் என்று பொருளல்ல. காலி செய்யக்கூடிய இடம் என்று பொருள்.

அப்படியே காலி செய்தார்கள். மீன்பிடிக் குடும்பங்களை லாரியில் ஏற்றி, மோர்ன் செக் என்ற மேட்டில் இறக்கிவிட்டார்கள். செக் என்றால் வறட்சி. பெயர் வைத்தவர்கள் நேர்மையானவர்கள். அங்கே ஊற்று இல்லை, கிணறு இல்லை, மழை பெய்தால் அது வழுக்கிக்கொண்டு நேராகத் தளத்துக்குப் போய்விடும். ஏற்பாடு 'தற்காலிகம்' என்று சொல்லப்பட்டது. அதாவது தற்காலத்துக்கு மட்டும். எதிர்காலத்தைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

யுத்தம் முடிந்தது. தளம் முடியவில்லை. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடியவர்கள் பிறகு வானொலி அலைகளைத் தேடினார்கள், அதன்பின் தேடுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்கள். தோலில் வந்தாலும் மண்ணில் வந்தாலும் படை ஒருமுறை வந்தால் லேசில் போகாது என்று சில விஷமிகள் சொல்வதுண்டு. கண்டிக்கிறேன். அவர்கள் போகத்தான் செய்தார்கள். போகும்போது பல்புகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு, முள்வேலியையும் டென்னிஸ் மைதானத்தையும் எங்களுக்கு அன்பளிப்பாக விட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குள் நாங்கள் சுதந்திர நாடாகிவிட்டோம். மேட்டு ஜனங்கள் இறங்கி வந்து, எங்கள் இடம் எங்களுக்கு என்றார்கள். அரசு ஆழ்ந்து யோசித்தது. நம்மிடம் ஒரு ராணுவத் தளம் இருக்கிறது, ஆனால் ராணுவம் இல்லை, இது எவ்வளவு பெரிய அவமானம்? ஆகவே ராணுவம் உருவாக்கப்பட்டது. மற்ற நாடுகள் படை திரட்டிவிட்டுத் தளம் தேடும். நாங்கள் தொட்டில் இருக்கிறதே என்று பிள்ளை பெற்றுக்கொண்டோம்.

பிள்ளை நன்றாக வளர்ந்தது. நூற்றுச் சொச்சம் பேர், ஒரு வாத்தியக் குழு, ஒரு பிரிகேடியர். நூற்றுச் சொச்சம் பேருக்குப் பிரிகேடியரா என்று கேட்கலாம். லூசியன் ஃபோன்டெநெல் முதலில் கர்னலாகத்தான் இருந்தார். பக்கத்துத் தீவில் ஒரு விருந்தில் அவரை மேசையின் கோடியில், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நாட்டின் மானத்தைக் காக்க மறுவாரமே பதவி உயர்வு அளிக்கப்பட்டது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் படை ஆட்டுக்கு நடுங்கியது. மோர்ன் செக் ஆடுகள் வேலிக்கடியில் புகுந்து வந்து டென்னிஸ் மைதானத்தின் புல்லை மேயும், பிரிகேடியரின் காலுறைகளைத் தின்னும். ஆடுகளைச் சொல்லிக் குற்றமில்லை. தீவிலேயே பச்சையாக இருந்த புல் அதுதான். லம்பி ஊற்றின் நீர் முழுதும் அந்த மைதானத்துக்குத்தான் பாய்ந்தது. மேட்டு ஜனங்களுக்கும் அரசு தண்ணீர் கொடுக்காமல் இல்லை. லாரி அனுப்பியது. டிரைவருக்கு மனசிருக்கிற வாரங்களில் அது வந்தது.

இப்படிச் சீரும் சிறப்புமாக இருந்த வேளையில்தான் ஒரு நட்பு நாடு எங்களுக்கு ராணுவ உதவி தர முன்வந்தது. தொகை பெரிது. நிபந்தனை சிறிது: ஒரு போர்ப் பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும், அவர்களுடைய நடுவர் ஒருவர் வந்து பார்ப்பார். எல்லாம் தயாராக இருந்தது. எதிரி மட்டும்தான் இல்லை.

எதிரியைத் தேர்ந்தெடுக்க அமைச்சரவை கூடியது. நானும் ஓரத்தில் இருந்தேன். தெற்கே உள்ள தீவை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். அங்கிருந்துதான் வெங்காயம் வருகிறது என்று வர்த்தக அமைச்சர் பதறினார். வடக்கே உள்ள தீவு என்றார் இன்னொருவர். அது பாதுகாப்பு அமைச்சர் செரஃபின் ஒக்டாவின் மாமியார் ஊர். சற்று நேரம் அவர் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. பிறகு பெருமூச்சு விட்டு மறுத்துவிட்டார். கடைசியில் இல்லாத நாடு ஒன்றை எதிரியாக்குவது என்றும், அதற்குக் 'கொரலியா' என்று பெயர் வைப்பது என்றும் ஏகமனதாக முடிவாயிற்று.

நாடு கிடைத்துவிட்டது, குடிமக்கள் வேண்டுமே. சிப்பாய்களில் ஒருவனும் எதிரியாக நடிக்கச் சம்மதிக்கவில்லை. தோற்றவனுக்குக் கடைசியில்தான் சாப்பாடு என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அப்போதுதான் அமைச்சர் ஒக்டாவுக்கு மோர்ன் செக் ஞாபகத்துக்கு வந்தது. அரசுக்கு அந்த மேடு தானாக ஞாபகம் வந்தது அதுவே முதல்முறை.

ஆள் பிடிக்க நான் ஜீப்பில் போனேன். மேட்டில் எதைக் கேட்பதானாலும் இஸ்மேன் லபோர்டைத்தான் கேட்க வேண்டும். மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், சந்தையே அவரை மிஸ் இஸ்மேன் என்றுதான் கூப்பிடும். இடத்தைத் திருப்பிக் கேட்டு முதலில் தலைநகருக்கு நடந்தவர் அவருடைய தாய். தாய் போனபின் நடை மகளுக்கு வந்தது. எங்கள் அமைச்சக வாசலில் அவர் நின்ற நாட்களில் நான் பின்வாசல் வழியாகப் போய்வருவேன். நான் போனபோது அவர் வாணலியில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எதிரின்னா என்ன செய்யணும் தம்பி?"

"கடல் வழியா படகுல வரணும். சுடுவாங்க, வெறும் சத்தம்தான். நீங்க செத்துப்போகணும். அப்புறம் எழுந்து சாப்பிடலாம்."

"செத்தா சாப்பாடு. சாகலேன்னா?"

"சாகாம எப்படி? நீங்கதானே எதிரி."

அவர் ரொட்டியைப் புரட்டிப் போட்டார். யார் ஜெயித்தார்கள் என்று எவர் முடிவு செய்வது என்று விசாரித்தார். வெளிநாட்டு நடுவர் என்றேன். அவருக்கு எங்கள் அமைச்சர் ஏதாவது உறவா என்றார். இல்லை என்றேன். எதிரி ஜெயிக்க விதியில் இடம் உண்டா என்று கேட்டார். விதியில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எப்ப முடியும் இது?"

"ஜெயிச்ச பக்கத்துத் தளபதி, பயிற்சி முடிஞ்சுதுன்னு அறிவிக்கணும். அதோட முடிஞ்சுது."

"அறிவிக்காட்டி?"

"அறிவிக்காம இருப்பாங்களா? எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டாமா?"

"அதுவும் சரிதான்" என்றார் மிஸ் இஸ்மேன். "வீட்டுக்குப் போகணும்ல." சூடாக இரண்டு ரொட்டியை உப்புக்கருவாட்டுடன் என் கையில் கொடுத்து, மேட்டு ஜனம் மொத்தமும் எதிரியாக வரச் சம்மதம் என்றார். அரசின் அழைப்புக்கு மக்கள் காட்டிய இந்த உற்சாகத்தை அன்றே செய்தியாக வெளியிட்டேன்.

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் படை கடற்கரையில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் அணிவகுத்தது. துப்பாக்கிகள் அனைத்தும் கடலைப் பார்த்தன. வாத்தியக் குழு வெற்றி கீதத்துக்கு ஊதுகருவிகளைத் துடைத்து வைத்திருந்தது. அமைச்சரும் விருந்தினரும் பந்தலில் ரம் கலந்த பழரசத்துடன் அமர்ந்திருந்தார்கள். நடுவர் மேஜர் கில்பி, ஒல்லியான மனிதர், வெயிலில் இறால் போலச் சிவந்திருந்தார், கையில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு இங்குமங்கும் நடந்தார். விதிகளை வேதமாகக் கொண்டவர் என்று முந்தைய நாளே தெரிந்துபோயிற்று. உப்பை வலமிருந்து இடமாகத்தான் கடத்த வேண்டுமென்று விருந்தில் எங்கள் அமைச்சரையே திருத்தியிருந்தார்.

சொன்ன நேரத்துக்குப் படகுகள் வந்தன. முன்படகில் மிஸ் இஸ்மேனின் தம்பி ஆல்வின் நின்றுகொண்டிருந்தார். பவளப்பாறை வரை வந்த படகுகள் நின்றன. ஆல்வின் தூண்டிலைப் போட்டார். எங்கள் படை சுட்டது. ஆல்வின் கையை ஆட்டினார். மறுபடி சுட்டது. அவர் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்.

"எதிரி தயங்குகிறான்" என்றார் பிரிகேடியர், தொலைநோக்கியை இறக்காமல். இந்த வாக்கியத்தை நான் பிற்கால மாணவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

எதிரி தயங்கிக்கொண்டே இருந்ததில் வெயில் ஏறிவிட்டது. பழரசமும் தன் வேலையைக் காட்டியது. பிரிகேடியர் ஒதுங்குவதற்காகத் தலைமையகக் கட்டடத்தை நோக்கி நடந்தார், துணைக்கு நான். வாசலில் காவல் சிப்பாய் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். கையில் பாதி தின்ற ரொட்டி.

"எழுந்திருடா" என்றார் பிரிகேடியர்.

"முடியாது சார். நான் செத்துட்டேன்."

"செத்தவன் எப்படிடா பேசறே?"

"நீங்க கேட்டீங்களே சார்."

மேலும் கேட்டதில் விஷயம் தெரிந்தது. மேட்டுப் பெண்கள் கூடையும் பானையுமாக முன்வாசல் வழியாகவே வந்திருக்கிறார்கள். எப்போதும் மீன் கொண்டுவரும் மிஸ் இஸ்மேன்தானே என்று அவன் கதவைத் திறந்திருக்கிறான். "உன்னைச் சுட்டாச்சு, படுத்துக்கோ, இந்தா சாப்பிடு" என்று அவர் சொல்ல, எதிரியின் நகர்வைக் கவனிக்கக் கூடவே வந்த நடுவரும் ஆமாம் என்று தலையசைத்திருக்கிறார். அதன்பின் சமையலறை, ஆயுதக் கிடங்கின் சாவி, ஊற்றின் நீரேற்றி எல்லாம் வரிசையாக விழுந்திருக்கின்றன. கொடிக்கம்பத்தில் நீலக்கட்டம் போட்ட சமையல் துணி ஒன்று பறந்துகொண்டிருந்தது. கொரலியாவின் தேசியக் கொடி அது என்று பிறகு தெரிந்தது.

உள்ளே பிரிகேடியரின் மேசைக்குப் பின்னால் மிஸ் இஸ்மேன் உட்கார்ந்திருந்தார்.

"இது என் நாற்காலி" என்றார் பிரிகேடியர்.

"தெரியும் ஐயா. ஒரு கால் ஆடிச்சு. அட்டை மடிச்சு வெச்சிருக்கேன்."

மேஜர் கில்பி தொண்டையைக் கனைத்தார். தலைமையகம் போய்விட்டது, சமையலறை போய்விட்டது, ஆகவே பிரிகேடியர் விதிப்படி போர்க்கைதி என்று மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார். எதிரி கடல் வழியாகத்தானே வர வேண்டும் என்று நான் வாதாடினேன். எதிரி எந்த வழியில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உலகில் எந்தப் படைக்கும் கிடையாது என்றார் அவர்.

பிரிகேடியர் வீரர். தோள்களை நிமிர்த்தி, கைதிக்குக் கழிப்பறை போக அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டார்.

"தாராளமா போங்க" என்றார் மிஸ் இஸ்மேன். "இங்க தண்ணிக்கு என்ன பஞ்சம்?"

கடற்கரையில் இருந்த படை மாலை வரை உறுதியாக நின்றிருக்கும். ஆனால் மத்தியானச் சாப்பாடு எதிரியின் வசம் இருந்தது. முதலில் சரணடைந்தது வாத்தியக் குழு. அவர்களைத் தொடர்ந்து மற்றவர்களும் வரிசை கலையாமல், தட்டுடன் சரணடைந்தார்கள். பாதிப் பேருக்கு மேட்டில் அத்தையோ சின்னம்மாவோ இருந்ததால், கைதிகளைக் கட்டிப்போடும் கட்டம் கட்டிப்பிடிக்கும் கட்டமாக மாறியது. ஆல்வினின் படகுகளும் கரையேறின. மீன் நிறைய இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் மிஸ் இஸ்மேனைப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்தது என்று அவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. பந்தலைக் கடந்து, டென்னிஸ் மைதானத்தைக் கடந்து, ஊற்றடிக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார். இரு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. மற்ற பெண்கள் கரையிலேயே நின்றார்கள். ராணுவ நடவடிக்கைக்கு இது எந்த வகையிலும் அவசியமில்லாத செயல் என்பதை மட்டும் நான் குறிப்பிட வேண்டும். என் கண்ணில் மணல் விழுந்திருந்ததால் மேற்கொண்டு சரியாகப் பார்க்க முடியவில்லை.

அன்று அவர்கள் மேட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. டென்னிஸ் மைதானத்தைக் கொத்தி சேப்பங்கிழங்கு நட்டார்கள். முள்வேலியில் துணி காயப்போட்டார்கள். அது கட்டிய நாளிலிருந்து ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அப்போதுதான். பயிற்சி முடியாததால் மேஜர் கில்பியும் ஊருக்குப் போகவில்லை. கீரைக்குழம்பும் சுட்ட ஈரப்பலாவும் சாப்பிட்டுச் சதை போட்டார். விதிப்படி போர் இன்னும் நடக்கிறது என்று தினமும் காலையில் சான்று சொன்னார்.

அமைச்சரவை அவசரமாகக் கூடியது. தளத்தை மீட்கப் படையை அனுப்பலாம் என்றார் வர்த்தக அமைச்சர். படை உள்ளே கைதியாக இருக்கிறது என்று நினைவூட்டினார்கள். கைதிகளை விடுவிக்கலாம் என்றார். கைதிகளுக்கு விருப்பமில்லை, வேளாவேளைக்கு மீன் கிடைக்கிறது என்று நான் உண்மை நிலவரத்தை எடுத்துரைத்தேன். போலீஸை அனுப்பினால் நடுவர் அதை விதிமீறல் என்பார், உதவித் தொகை நின்றுபோகும். எனவே பேச்சுவார்த்தை ஒன்றே வழி என்றாயிற்று. பாதுகாப்பு அமைச்சர் ஒக்டாவ் கொடி கட்டிய காரில் போனார். நானும் போனேன். முன்வாசலில் செத்துப்போன சிப்பாய் எழுந்து சல்யூட் அடித்தான். இப்போது அவன் கொரலியாவின் சிப்பாய்.

அமைச்சர் நல்ல பேச்சாளர். இந்த மண்ணின் மக்களே மண்ணைக் கைப்பற்றுவது வேதனையளிக்கிறது என்று தொடங்கினார். மிஸ் இஸ்மேன் முடியும் வரை கேட்டார். பிறகு தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மினிஸ்டர் ஐயா, எங்க அம்மா உங்க ஆபீஸுக்கு நடந்தாங்க. அப்புறம் நான் நடந்தேன். நல்ல குடிமக்களா, சர்ச்சுக்குப் போற துணியைக் கட்டிக்கிட்டு வந்து நின்னோம். ஒரு நாளாவது உள்ள வந்து உட்காருன்னு சொன்னீங்களா? இப்ப எதிரின்னு நீங்களே பேர் வெச்சீங்க. கார் போட்டுக்கிட்டு நீங்க வந்திருக்கீங்க. தொப்பியைக் கழட்டிட்டுப் பேசறீங்க. எங்களுக்கு இதுவே சௌகரியமா இருக்கு. நாங்க எதிரியாவே இருந்துக்கிறோம்."

அமைச்சர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேநீர் சூடாக இருந்ததுதான் காரணம் என்று செய்திக் குறிப்பில் எழுதினேன்.

எதிரி நாட்டுடன் ஓர் அரசு செய்யக்கூடியது ஒன்றுதான். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. லம்பி விரிகுடா, ஊற்று, ஈரப்பலா மரங்கள் உட்பட, அதன் பழைய குடும்பங்களுக்கே திரும்பியது. கையெழுத்துப் போட்டுவிட்டு மிஸ் இஸ்மேன் எழுந்து நின்று, "பயிற்சி முடிஞ்சுது" என்று சொன்னார். மேஜர் கில்பி கையிலிருந்த வெள்ளைப் பட்டையை அவிழ்த்தார். இத்தனை ஒழுங்காக நடந்த போரைத் தான் பார்த்ததில்லை என்று எழுதி, உதவித் தொகை முழுவதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் படை 'உயர்ந்த இடத்துக்கு முன்னேறியது'. அதாவது மோர்ன் செக் மேட்டுக்குக் குடிபோயிற்று. அங்கே தண்ணீர் இல்லை என்பதைப் பிரிகேடியர் முதல் நாள் காலையில் முகம் கழுவும்போது கண்டுபிடித்தார். மேட்டில் குழாய் போடுவது தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமே இல்லை என்று எங்கள் பொதுப்பணித் துறை தலைமுறை தலைமுறையாக நிரூபித்து வந்திருக்கிறது. அந்தச் சாத்தியமின்மை இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் நீங்கியது. மலையேறி வந்த குழாயில் பிரிகேடியர் முகம் கழுவும் படத்தை நானே எடுத்து வெளியிட்டேன்.

அந்தப் படத்தைத் தீவு முழுவதும் பார்த்திருக்கிறது. அமைச்சகத்துக்கு இப்போது தினமும் ஆட்கள் வருகிறார்கள். பெட்டி ஃபோன் ஊர்க்காரர்களுக்கு மழைக்காலத்தில் ரோடு இல்லை. ஆனால் அவர்கள் ரோடு கேட்கவில்லை. தங்களை எதிரி நாடாக அறிவிக்கும்படி கேட்கிறார்கள். கிழக்குக் கரை மருத்துவமனையின் நர்சுகள் மருந்து கேட்பதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு சமையல் துணியுடன் வந்து கொடி எந்த அளவில் இருக்க வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். எல்லோரையும் உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, தேநீர் கொடுக்கும்படி அமைச்சரின் உத்தரவு. யார் எப்போது எதிரியாவார் என்று சொல்ல முடியாதல்லவா?

தன் குடிமக்களை ஒருகாலும் பொருட்படுத்தாத ஓர் அரசு, தன் எதிரிகளை இவ்வளவு மரியாதையோடு நடத்துவதை உலகில் வேறெங்கும் காண முடியாது. இதில் எனக்கு அளவற்ற பெருமை. ஒரே ஒரு சிறு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுக்கு ஏற்றிய தண்ணீரை எங்கள் தெருக் குழாயிலிருந்து திருப்பியிருக்கிறார்கள். பொதுப்பணித் துறைக்குப் புகார் சொல்லப் போனேன். வாசலில் நிற்கச் சொன்னார்கள். நான் யார் என்று கேட்டார்கள்; விசுவாசமுள்ள குடிமகன் என்று உளறிவிட்டேன். இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்.